பனிக்காலத்தில் செடி என்ன செய்கிறது?



போன வாரம் பாகலூர் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். விடியற்காலை ஆறரை மணி இருக்கும். மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. ரோட்டில் சிப்காட் கம்பெனி பஸ் ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வந்து நின்றது. ராத்திரி ஷிப்ட் முடித்த பிள்ளைகள் ஸ்வெட்டரும் குல்லாயுமாக இறங்கினார்கள். தோட்டத்துக்காரர் வயதில் பெரியவர். கம்பளியைப் போர்த்திக்கொண்டு தக்காளி வரப்பில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏங்க சார், என் பையன் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வர்றான். நான் கம்பளி போத்திக்கிட்டு நிக்கிறேன். மாட்டுக்குக் கூட சாக்குப் போட்டிருக்கேன். இந்தச் செடி ராத்திரி பூரா வெட்டவெளியில நிக்குதே, இதுக்குக் குளிராதா?"

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. இருபது நாளாகச் செடி இருந்த இடத்திலேயே நிற்கிறது, வைத்த பூவும் பாதி உதிர்கிறது. காலடியில் ஒரு யூரியா மூட்டை பிரித்தபடி இருந்தது. அந்த மூட்டையைப் பார்த்துத்தான் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் அவர் கேட்ட கேள்விக்கு வருவோம்.

செடிக்கும் குளிரும். ஆனால் அது நம்மைப் போல ஓடிப் போய் அடுப்பு ஓரம் உட்கார முடியாது. நின்ற இடத்திலேயே சமாளிக்க அதற்குச் சில வழிகள் உண்டு. அந்த வழிகள் நமக்குத் தெரிந்தால், எப்போது உதவுவது, எப்போது கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது என்பதும் தெரிந்துவிடும்.

நம்ம ஊர்க் குளிர் எப்படிப்பட்டது? ஓசூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், பேரிகை எல்லாம் இதே மேட்டு நிலம். சூளகிரி தாண்டி மலையிறங்கிக் கிருஷ்ணகிரி போனால் குளிர் குறைந்துவிடுகிறது. மேட்டுப் பக்கத்தில் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை 12, 13 டிகிரி என்பது சாதாரணம். அடுத்த வீடான பெங்களூரில் 1884 ஜனவரியில் 7.8 டிகிரிக்கு இறங்கியது. அங்கே இதுவரை பதிவானதில் அதுதான் மிகக் குறைவு. ஆக, ஊட்டியில் வருகிற மாதிரி புல் நுனியெல்லாம் வெள்ளையாக உறைந்து போகிற உறைபனி நமக்கு இல்லை. அங்கே தேயிலைக் கன்றுகளைத் தழை போட்டு மூடுகிறார்கள். மூடாவிட்டால் ஒரே ராத்திரியில் கருகிவிடும். செடிக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாகி, செல்களின் நீரையெல்லாம் உறிஞ்சிக்கொள்வதால் வருகிற கருகல் அது. அதனால்தான் வெயிலில் காய்ந்த மாதிரியே தெரியும்.

நம்ம ஊர்க் குளிர் செடியைக் கொல்லாது, நிறுத்தி வைக்கும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். மேகம் மூடிய ராத்திரியில் குளிர் குறைவு. வானம் துடைத்த மாதிரி தெளிவாக, காற்றும் அசையாமல் இருக்கிற ராத்திரியில்தான் குளிர் உறைக்கும். பகலில் மண் வாங்கி வைத்த சூடு ராத்திரியில் வானத்துக்குப் போகிறது. மேகம் இருந்தால் அது கம்பளி மாதிரி தடுக்கும். இல்லாவிட்டால் எல்லாம் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது, அதனால் தண்ணீர் மாதிரியே பள்ளம் பார்த்து ஓடும். ஏரிக்கரை அடியிலும் தென்பெண்ணை ஓரத்துப் பள்ளக் காட்டிலும் இருக்கிற குளிர், பக்கத்து மேட்டுச் சரிவில் இருக்காது. ஒரே சர்வே நம்பருக்குள்ளேயே இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் வரும். சரிவின் கீழ்ப் பக்கம் உயரமாக மதில் கட்டிவிட்டால் குளிர்காற்று ஏரியில் தண்ணீர் தேங்குகிற மாதிரி அங்கேயே தேங்கும். கம்பெனிகளும் லே-அவுட்டுகளும் பெருகிவிட்ட நம் பகுதியில், மதிலை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனித்துப் பயிர் வைக்க வேண்டும்.

சரி, செடிக்குள் என்ன நடக்கிறது? இதைச் சொல்ல நம் வீட்டு எண்ணெய்ப் பாட்டில் போதும். மார்கழியில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு வராது, மெழுகு மாதிரி உறைந்திருக்கும். பக்கத்திலேயே நல்லெண்ணெய் தண்ணீர் போல ஓடும். இரண்டும் எண்ணெய்தான், ஜாதி வேறே. செடியின் உடம்பு கோடிக்கணக்கான சின்னச் சின்ன அறைகளால் ஆனது. செல் என்கிறோம். ஒவ்வொரு அறையைச் சுற்றியும் கொழுப்பால் ஆன மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. உள்ளே வருவது, வெளியே போவது எல்லாம் அது வழியாகத்தான். சூட்டு நாட்டில் பிறந்த செடிகளின் சவ்வு தேங்காய் எண்ணெய் மாதிரி. குளிர் வந்தால் இறுகிப் போய் வேலை நின்றுவிடும். குளிர் நாட்டுச் செடிகளின் சவ்வு நல்லெண்ணெய் மாதிரி, குளிரிலும் இளக்கமாக இருக்கும்.

தக்காளி, கத்தரி, மிளகாய், பீன்ஸ், வெள்ளரி, வாழை எல்லாம் முதல் ஜாதி. முட்டைகோஸ், காலிஃபிளவர், கேரட், பீட்ரூட், முள்ளங்கி, பட்டாணி இரண்டாவது ஜாதி. மார்கழியில் கோஸ் செடி கெத்தாக நிற்பதும், பக்கத்துப் பாத்தித் தக்காளி முகம் சுருங்கி நிற்பதும் இதனால்தான். பக்குவத்தில் குறையில்லை.

ஆனால் முதல் ஜாதிச் செடியும் ஒரேயடியாகக் கையை விரித்துவிடாது. குளிர் படிப்படியாக வந்தால் அது தன் சவ்வில் இருக்கிற கொழுப்பையே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்கிறது. கார்த்திகையில் மெல்லக் குளிர் ஏறும்போது வயலிலேயே நிற்கிற செடி பழகிவிடும். நிழல்வலைக் கூடாரத்தில் கதகதப்பாக வளர்ந்த நாற்றை மார்கழி நடுவில் திடீரென்று வெட்டவெளியில் நட்டால் அது திகைத்து நிற்கும். ஆகவே நாற்றுப் பண்ணையில் குழித்தட்டு நாற்று வாங்குகிறவர்கள், வாங்கிய அன்றே நடாதீர்கள். ஐந்தாறு நாள் உங்கள் தோட்டத்திலேயே திறந்த வெளியில் வைத்து, தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்து, பிறகு நடுங்கள்.

அடுத்தது சர்க்கரை. குளிரில் செடி வளர்வது நின்றுபோகிறது. ஆனால் பத்து மணிக்கு மேல் நல்ல வெயில் அடிக்கிறது பாருங்கள், இலை தன் பாட்டுக்குச் சர்க்கரை செய்துகொண்டே இருக்கும். வரவு உண்டு, செலவு இல்லை. மிச்சமாகிற சர்க்கரை செல்லுக்குள்ளேயே சேருகிறது. சர்க்கரை கலந்த தண்ணீர் சீக்கிரம் உறையாது, செல்லில் இருக்கிற நீரையும் பிடித்து வைக்கும். பனிக்காலத்துக் கோஸும் கேரட்டும் தனி இனிப்பாக இருப்பது நம் நாக்குக்காக அல்ல. செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சேர்த்த சேமிப்பு அது.

இப்போது அந்த யூரியா மூட்டைக்கு வருகிறேன். செடி நின்றுவிட்டதே என்று நாம் யூரியா போடுகிறோம். மண் குளிர்ந்திருக்கும்போது வேரும் சோம்பல், மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்களும் சோம்பல். போட்டதில் பெரும்பகுதி செடிக்குச் சேருவதில்லை. சேருகிற கொஞ்சமும் என்ன செய்கிறது? சேமித்த சர்க்கரையைச் செலவழித்து, இளசான பச்சைத் தழையாகத் தள்ளிவிடுகிறது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் குளிருக்கும் ஈடு கொடுக்காது, நோய்க்கும் ஈடு கொடுக்காது. செடி மூடி வைத்த கதவை நாமே தட்டித் திறந்துவிட்ட கதை.

இதே மாதிரி இன்னொரு ஏமாற்றம் உண்டு. குளிரில் தக்காளி, மக்காச்சோள நாற்றுகளின் இலை அடிப்பக்கம் ஊதா நிறமாக மாறும். மணிச்சத்து குறைவு என்று கடைக்காரர் டி.ஏ.பி. கொடுத்து அனுப்புவார். மண்ணில் மணிச்சத்து இருக்கும், குளிர்ந்த வேரால் அதை இழுக்க முடியவில்லை, அவ்வளவுதான். நாலு நாள் வெயில் ஏறினால் நிறம் தானாகத் திரும்பும். மண் பரிசோதனை செய்து பார்த்துக் குறை இருந்தால் மட்டும் போடுங்கள். இல்லாவிட்டால் அந்தக் காசில் பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கலாம்.

இலை மூடித் தூங்குகிற செடிகளையும் சொல்லாமல் விடக்கூடாது. சாயங்காலம் ஆனால் புளியமரம் இலையைக் கூப்பிக்கொள்ளும். அகத்தியும் அப்படித்தான். அவரை இலை தொங்கிப் படுத்துவிடும். இங்கிலாந்தில் சார்லஸ் டார்வின் என்கிற பெரிய விஞ்ஞானி, தம் மகன் பிரான்சிஸுடன் சேர்ந்து இதைச் சோதித்துப் பார்த்தார். தூங்குகிற ஜாதிச் செடிகளின் இலைகளைக் குத்தி வைத்து, ராத்திரியில் மூட முடியாமல் விரித்தபடியே திறந்த வெளியில் விட்டார். விரித்து வைத்த இலைகள் பனியில் அதிகம் கெட்டன. கூம்பிக்கொண்ட இலைகள் அவ்வளவு கெடவில்லை. இதை 1880-ல் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். நாம் குளிரில் கைகால்களைச் சுருட்டிக்கொண்டு படுக்கிறோமே, அதே வித்தைதான்.

இதுவரை குளிரைத் தாங்குகிற செடிகளைச் சொன்னேன். குளிருக்காகவே காத்திருக்கிற செடிகளும் உண்டு. ஐரோப்பாவில், ரஷ்யாவில் குளிர்காலக் கோதுமை என்று ஒரு ரகம். ஐப்பசி வாக்கில் விதைப்பார்கள். முளைத்த பயிர் மாதக்கணக்கில் பனிக்கட்டிக்கு அடியில் கிடக்கும். அந்தக் குளிரை அனுபவித்தால்தான் வெயில் காலத்தில் கதிர் விடும். குளிர் படாவிட்டால் புல்லாகவே நிற்கும். இமாசலப் பிரதேசத்து ஆப்பிள் மரம் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும். போதுமான நேரம் குளிரில் தூங்கினால்தான் பூக்கும். நாம் போடுகிற கோஸ் கூட அப்படித்தான். நம் வயலில் அது விதை கட்டாது. அதன் விதையை இமாசலத்தில் குலு பள்ளத்தாக்கு மாதிரியான குளிர் இடங்களில் எடுக்கிறார்கள்.

நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கே சோறு போடுகிற மாமரத்துக்கும் குளிர் வேண்டும். இது பல பேருக்குத் தெரியாது. கூழ் ஆலைகளுக்குப் போகிற பெங்களூரா, அதாவது நம்ம கிளிமூக்கு மாங்காய், எல்லாம் மார்கழி தைக் குளிரை நம்பித்தான் இருக்கிறது. முற்றிய இலை உள்ள கிளைக்கு, ராத்திரியில் ஏறத்தாழ 15-லிருந்து 18 டிகிரிக் குளிர் தொடர்ந்து சில வாரம் கிடைத்தால், நுனி மொட்டு பூங்கொத்தாக மாறுகிறது. ராத்திரி சூடாகவும் மண் ஈரமாகவும் இருந்தால் அதே மொட்டு கொழுந்தாகப் போய்விடும். பூவா கொழுந்தா என்று மரம் முடிவு செய்கிற நேரம் அது.

அந்த நேரத்தில் நாம் செய்கிற தப்பு, சொட்டுநீர்க் குழாயைத் திறந்துவிடுவது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் மாந்தோப்புக்குத் தண்ணீரை நிறுத்துங்கள். காய்க்கிற மரத்துக்குச் சொல்கிறேன், சின்னக் கன்றுக்கு அல்ல. மரம் கொஞ்சம் காயட்டும். தழைச்சத்தும் வேண்டாம். பூத்து, பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகு தண்ணீர் கொடுங்கள். பிப்ரவரி வந்தும் பூக்காத மரத்துக்கு, லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கரைத்து இலை நனையத் தெளிக்கலாம். முன்கூட்டியே தெளித்தால் பூவுக்குப் பதில் கொழுந்து வர வாய்ப்பு உண்டு, அவசரப்பட வேண்டாம்.

மிகவும் முந்தி, கடும் குளிரில் வருகிற பூங்கொத்தில் ஆண் பூ அதிகம், காய் பிடிக்கிற பூ குறைவு. மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பது பெரும்பாலும் ஈ வகைகள். அவையும் குளிரில் பறக்காது. ஆகவே முதல் பூ கொட்டிவிட்டதே என்று தலையில் கை வைக்காதீர்கள். பின்னால் வருகிற பூவில்தான் காய் நிற்கும். பூ முழுவதும் விரிந்திருக்கிற சமயத்தில் பூச்சி மருந்து அடிக்காதீர்கள், அந்த ஈக்களும் செத்துப் போகும். தத்துப்பூச்சிக்கு மொட்டு வெளிவரும் போதே பார்த்து அடித்துவிட வேண்டும்.

அவரையும் சாமந்தியும் வேறு வகை. அவை குளிரை விடப் பொழுதைப் பார்க்கின்றன. நம் ஊரில் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். அந்தச் சின்ன வித்தியாசத்தை அவரை கண்டுபிடித்துவிடுகிறது. ராகியோடு ஊடுபயிராக விதைத்த அவரை, ராகி அறுவடை வரைக்கும் கொடியாகப் படர்ந்துகொண்டே இருந்து, ராத்திரி நீண்டதும் பூத்துத் தள்ளும். மழை நின்ற பிறகும், ஆழமாகப் போன வேரில் மிச்ச ஈரத்தை உறிஞ்சிக் காய்க்கும். பனி குடித்த காயில்தான் அந்த மணம் என்று நம் தாய்மார்கள் சொல்வார்கள். கன்னடம் பேசுகிற நம் சொந்தக்காரர்கள் அதைச் சொகடு என்பார்கள். மார்கழி அவரைக்காய் ஓசூர் தாண்டி பெங்களூர் போனால் விலையும் மணமாகத்தான் இருக்கிறது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தமிழில் நாம் பனி பனி என்று ஒரே சொல்லில் மூன்று விஷயத்தைச் சொல்லிவிடுகிறோம். குளிரும் பனிதான், காற்றில் புகை மாதிரி நிற்கிற மூடுபனியும் பனிதான், இலையில் முத்து முத்தாகக் கோர்க்கிற நீரும் பனிதான். தைப் பனி தரையைத் துளைக்கும் என்று பழமொழி சொல்லிவிட்டு, செடி கெட்டுப் போனால் 'பனி அடிச்சிட்டுது' என்கிறோம். எந்தப் பனி? நம் பக்கம் பயிரை அழிப்பது பெரும்பாலும் குளிர் இல்லை. இலை மேல் நிற்கிற ஈரம்தான். குளிருக்குச் செடியிடம் வழி இருக்கிறது. ராத்திரி எட்டு மணியிலிருந்து காலை ஒன்பது மணி வரைக்கும் நனைந்தே கிடக்கிற இலைக்கு அதனிடம் வழி இல்லை.

சில வருஷங்களுக்கு முன் பேரிகைப் பக்கம் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். மாமனும் மச்சானும் அடுத்தடுத்த காட்டில் ஒரே நாளில் தக்காளி நட்டார்கள். மார்கழியில் இரண்டு பேர் செடியும் நின்றுபோனது. மாமன் சும்மா விட்டுவிட்டார். அவருக்கு வேறு வேலை இருந்தது என்பதே உண்மையான காரணம். மச்சான் சுறுசுறுப்பானவர். இரண்டு தவணை யூரியா போட்டு, சாயங்காலம் சாயங்காலம் தெளிப்பு நீரும் விட்டார். செடி கரும்பச்சையாகத் தளதளவென்று வந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் மச்சானைப் பாராட்டினார்கள். அப்புறம் மூணு நாள் வானம் மூடி, மூடுபனி விலகவேயில்லை. நாலாம் நாள் இலையில் வெந்நீர் கொட்டின மாதிரி கரும் புள்ளி. காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளைப் பூஞ்சணம். தண்டு பழுப்பாகி, காய் கல் மாதிரி இறுகிப் பழுப்பேறி, ஒரு வாரத்துக்குள் காடே எரிந்த மாதிரி ஆகிவிட்டது. மாமன் காட்டிலும் நோய் வந்தது. ஆனால் செடி கெட்டியாக, காற்றோட்டமாக, சாயங்காலத்தில் இலை காய்ந்து இருந்ததால் பாதிக்கு மேல் தப்பியது. மச்சான் கடன் வாங்கி நட்டவர். அடுத்த வருஷம் அவரை நான் காட்டில் பார்க்கவில்லை, சிப்காட்டில் காவல் வேலைக்குப் போய்விட்டார் என்று சொன்னார்கள்.

அந்த நோய்க்குப் பின்கருகல் என்று பெயர். உருளைக்கிழங்கிலும் இதே கிருமிதான். அயர்லாந்து நாட்டில் 1845-ல் தொடங்கி இந்த நோய் உருளைக்கிழங்கை அழித்தபோது, ஏறத்தாழ 10 லட்சம் ஜனங்கள் பட்டினியிலும் அதனால் வந்த வியாதியிலும் மாண்டு போனார்கள். அங்கேயும் கடும் குளிர் அதைக் கொண்டு வரவில்லை. இதமான குளிரும் விடாத ஈரமும் சேர்ந்துதான் கொண்டு வந்தது. நம் மார்கழி அதே மாதிரியான காலம்.

ஆகவே தக்காளிக்காரர்கள் கேளுங்கள். பனிக்காலத்தில் தெளிப்பு நீர் வேண்டாம். சொட்டு நீரோ வாய்க்கால் பாசனமோ, இலை நனையாமல் வேருக்குக் கொடுங்கள். காலையில் கொடுங்கள். இன்னொரு லாபமும் இருக்கிறது. போர்வெல் தண்ணீர் விடியற்காலையில் ஆவி பறக்க வருமே, அது காற்றை விடக் கதகதப்பானது. ஈரமான மண் பகல் சூட்டை அதிகம் பிடித்து வைக்கும், ராத்திரியில் மெல்ல விடும். காய்ந்த மண்ணுக்கு அந்தச் சக்தி இல்லை. செடிகளுக்குக் குச்சி நட்டுத் தூக்கிக் கட்டி, தரையில் படுகிற அடி இலைகளைக் கிள்ளிவிடுங்கள். இலையில் ஈரம் காயும் முன் ஆட்களைக் காட்டுக்குள் விடாதீர்கள். அவர்கள் துணியிலும் கையிலும் நோய் அடுத்த சாலுக்குப் போகும். வானம் மூடும் என்று தெரிந்தால் முன்கூட்டியே, லிட்டருக்கு 2 கிராம் மான்கோசெப் கலந்து இலையின் இரண்டு பக்கமும் படும்படி தெளியுங்கள். புள்ளி வந்த பிறகு அடிப்பது நெருப்புப் பிடித்த பிறகு கிணறு வெட்டுவது மாதிரி. ராத்திரிக் குளிர் 13 டிகிரிக்குக் கீழே போனால் மகரந்தம் சரியாக வேலை செய்யாமல் பூ உதிரும். அதற்கு மருந்து கிடையாது. குளிர் குறைந்தால் அடுத்த கொத்துப் பூ நிற்கும்.

ரோஜாக்காரர்கள் கணக்கு வேறு. பிப்ரவரி 14-க்குப் பூ அனுப்ப வேண்டியவர்களுக்கு குளிர் என்பது நாள் கணக்கு. வெட்டிவிட்டு ஏழெட்டு வாரத்தில் பூ வரும் என்று எண்ணுகிறோம். குளிர் கூடினால் இன்னும் ஒரு வாரம் தள்ளும். பிப்ரவரி 20-ந் தேதி வருகிற தாஜ்மகால் ரோஜாவுக்கு யார் விலை கொடுப்பார்கள்? அதனால் எல்லாச் செடியையும் ஒரே நாளில் வெட்டாமல், நவம்பர் கடைசியிலிருந்து நாலைந்து நாள் இடைவெளி விட்டுப் பகுதி பகுதியாக வெட்டுங்கள். கடும் குளிர் பட்டால் சிவப்பு ரோஜாவின் வெளி இதழ் கறுக்கும். ஏற்றுமதிக்கு எடுக்க மாட்டார்கள். பாலிஹவுஸின் பக்கத் திரைகளை, உள்ளே சூடு இருக்கும்போதே, நாலரை ஐந்து மணிக்குள் இறக்கிவிடுங்கள். அதே சமயம், குளிருகிறதே என்று காலை பத்து மணி வரைக்கும் மூடி வைக்காதீர்கள். உள்ளே தேங்கிய ஈரம் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக இலையில் விழும், அடிச்சாம்பல் நோய் பிடித்துக்கொள்ளும். வெயில் ஏறியதும் மேல் காற்று வழியை முதலில் திறந்து, பிறகு பக்கத் திரையை ஏற்றுங்கள்.

சிலர் ராத்திரியில் குப்பையும் பழைய டயரும் கொளுத்திப் புகை போடுகிறார்கள். புகை கம்பளி மாதிரி மூடும் என்று நினைப்பு. புகைக்குச் சூட்டைத் தடுக்கிற சக்தி அநேகமாக இல்லை. கண் எரிச்சலும், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இருமலும்தான் மிச்சம்.

நாற்றங்கால் விஷயத்தில் எங்கள் பாட்டி செய்ததை விடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. சாயங்காலம் பொழுது சாய்கிற நேரத்தில், கத்தரி நாற்றங்கால் மேல் நாலு குச்சி நட்டு, செடியில் படாமல் ராகித்தாளைப் பரப்பி மூடுவார். காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடுவார். தாள் செடியைத் தொட்டால் ஈரம் பிடிக்கும், எடுக்க மறந்தால் நாற்று வெளுத்து நீண்டுவிடும். இந்த இரண்டும்தான் பிசகக் கூடாது. அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. மண்ணின் சூடு வானத்துக்குப் போகிறது என்று எனக்குக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தபோது அந்த ராகித்தாள்தான் ஞாபகம் வந்தது. கூடவே, விதைக்கும் முன் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து கொள்ளுங்கள். குளிர்ந்த ஈர மண்ணில் விதை மெதுவாக முளைக்கும், அதற்குள் நாற்றழுகல் முந்திக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் காவேரிப்பட்டணம் அருகே பையூரில் உள்ள மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ, உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடமோ, கெட்ட இலையைக் கையோடு கொண்டு போய்க் கேளுங்கள். வாயால் சொல்வதை விட இலையைக் காட்டுவது நல்லது.

பாகலூர்ப் பெரியவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப ஒண்ணும் செய்யாம நிக்கச் சொல்றீங்க" என்றார். "யூரியா விஷயத்தில ஆமாங்க. பூச்சிக்கொல்லி வாங்குற காசுல குச்சி வாங்கிச் செடியத் தூக்கிக் கட்டுங்க" என்றேன். கொஞ்ச நேரம் செடியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்பது மணிக்கு மூடுபனி விலகி வெயில் வந்தது. இலையில் நின்ற நீர் காய ஆரம்பித்தது. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த மகனைக் கூப்பிட்டு, மூட்டையைக் கட்டித் திரும்பக் கொண்டுபோய்க் கொட்டகையில் வைக்கச் சொன்னார். பையனுக்குத் தூக்கம், முணுமுணுத்துக்கொண்டே தூக்கிப் போனான். தை கடைசியில் மறுபடி அந்தப் பக்கம் போக வேண்டும், செடி எப்படி இருக்கிறது என்று பார்க்க.